பனிக்காலத்தில் குதிரை ட்ரெய்லர் இழுக்க எந்தக் கார்? ஜெர்மனியில் வாங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

"2,500 கிலோ வரை இழுக்கும்" என்று ஒரு காரின் விளம்பரம் சொன்னால், அந்த எண் எப்படி வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய விதிப்படி, முழுப் பாரத்தோடு ட்ரெய்லர் பூட்டிய கார் 12 சதவீத ஏற்றத்தில், ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை, நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் காட்ட வேண்டும். எஞ்சினும் கிளட்சும் தாங்குகின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. டயருக்கு நல்ல பிடிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஜனவரிக் காலையில், லாயத்திலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் 200 மீட்டர் பாதையில் பனி மிதிபட்டு இறுகிக் கிடக்கும்போது அந்த எண் உதவாது. அங்கே கார் ஏறுமா என்பதைச் சக்கரத்தின் மேல் உள்ள பாரமும் டயரின் பிடிப்பும்தான் முடிவுசெய்யும். இறங்கும்போது நிற்குமா என்பதையும் அவைதான் முடிவுசெய்யும்.

அதனால் தேர்வைக் காரிலிருந்து தொடங்காதீர்கள். குதிரையிலிருந்து தொடங்குங்கள்.

முதல் படி: பாரத்தை நிறுத்துப் பாருங்கள்

குதிரையின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் 50 கிலோ, 80 கிலோ எளிதில் தவறும், பெரும்பாலும் குறைவாகத்தான் சொல்வோம். ஜெர்மனியில் சவாரிக்கும் போட்டிக்கும் வைத்திருக்கும் பெரிய இனமான வார்ம்பிளட், வளர்ந்த குதிரை ஒன்று பொதுவாக 550 முதல் 700 கிலோ வரை இருக்கும். சிறிய மலைக்குதிரையான ஹாஃப்லிங்கர் 400 முதல் 500. ஐஸ்லாந்துக் குதிரை 350ஐ ஒட்டி.

இரண்டு குதிரை ஏற்றும் ட்ரெய்லரின் வெற்று எடை, வகையைப் பொறுத்து 750 முதல் 1,000 கிலோ. சேண அறையோ முன்பக்க இறங்குதளமோ இருந்தால் மேல் எல்லைக்குப் போய்விடும். அலுமினியம் என்றாலே இலேசு என்று நம்பிவிட வேண்டாம், தகட்டில் பொறித்திருப்பதைப் பாருங்கள். இதோடு இரண்டு சேணம், போர்வைகள், புல் வலைகள், 20 லிட்டர் தண்ணீர், நனைந்த ரப்பர் விரிப்பு எல்லாம் சேர்ந்து 80 கிலோ ஆகும்.

ஒரு வழக்கமான கணக்கு: தலா 620 கிலோவில் இரண்டு வார்ம்பிளட் 1,240, ட்ரெய்லர் 880, சாமான் 80. மொத்தம் 2,200 கிலோ. இரண்டு ஐஸ்லாந்துக் குதிரை என்றால் இதே கணக்கு 1,660ஐ ஒட்டி முடியும். இந்த 540 கிலோ வித்தியாசம் காரின் வகையையே மாற்றிவிடும்.

மதிப்பீட்டோடு நிறுத்த வேண்டாம். கிராமக் கூட்டுறவுக் கிடங்குகளிலும் குப்பை மறுசுழற்சி நிலையங்களிலும் வாகன எடைமேடை இருக்கும். குதிரைகளோடு பூட்டிய நிலையில் ஒருமுறை, பாரமில்லாமல் ஒருமுறை நிறுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: பதிவுச் சான்றில் நான்கு எண்கள்

விற்பவர் வாய்ச்சொல்லையோ இணையப் பட்டியலையோ நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரே மாடலில் எஞ்சின், கியர்பாக்ஸ், தயாரிப்பு ஆண்டு மாறினால் இழுவைத் திறன் 500 கிலோ வரை மாறும். குறிப்பிட்ட அந்தக் காரின் பதிவுச் சான்றை, அதாவது 'ஃபார்ட்சோய்க்ஷைன்' தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஓ.1 என்ற கட்டத்தில் இருப்பது பிரேக் உள்ள ட்ரெய்லருக்கான இழுவை எல்லை. ஓ.2 பிரேக் இல்லாததற்கு, குதிரை விஷயத்தில் அது நமக்கு வேண்டாம். எஃப்.2 காரின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. 'ஜி' வெற்று எடை. கட்டம் 13, டோபாரின் (காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் பந்துமுனைக் கம்பி) மேல் ட்ரெய்லர் அழுத்தக்கூடிய அதிகபட்சப் பாரம், அதாவது முன்பாரம்.

இந்தக் கடைசி எண்ணைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும். ட்ரெய்லரும் அப்படித்தான். முன்பாரம் போதாவிட்டால் ட்ரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும், காரின் பின்சக்கரங்களையும் தூக்கும். கூடினால் காரின் பின்புறம் தொய்ந்து முன்சக்கரம் இலேசாகும். காருக்கு ஓர் எல்லை, டோபாருக்கு ஓர் எல்லை, ட்ரெய்லருக்கு ஓர் எல்லை இருக்கும், மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. அதைத் தாண்டாமல், அதற்கு மிக நெருக்கமாக வைப்பதே சரி. சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 25 கிலோதான். இரண்டு டன் குதிரை ட்ரெய்லருக்கு அது எந்த வகையிலும் போதாது. முன்பாரம் 100 கிலோவாவது தாங்கும் காரைத் தேடுங்கள், 80க்குக் கீழ் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு குழப்பம்: இழுவை எல்லைக்கு ட்ரெய்லரின் அப்போதைய உண்மை எடை கணக்கு. ஓட்டுநர் உரிமத்துக்கோ தகட்டில் உள்ள அனுமதிக்கப்பட்ட எடைதான் கணக்கு, ட்ரெய்லர் காலியாகப் போனாலும். ட்ரெய்லர் 750 கிலோவைத் தாண்டினால், சாதாரணக் கார் உரிமமான பி-யில் கார், ட்ரெய்லர் இரண்டின் அனுமதிக்கப்பட்ட எடையும் சேர்ந்து 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதன் நீட்டிப்பான பி96க்கு 4,250. அதற்குத் தேர்வு கிடையாது, ஒரு நாள் பயிற்சி போதும். பிஇ உரிமம் இருந்தால் 3,500 கிலோ வரையுள்ள ட்ரெய்லரை இழுக்கலாம், செய்முறைத் தேர்வு மட்டும் உண்டு. 2,250 கிலோ அனுமதி உள்ள ஒரு நடுத்தர எஸ்யுவியும் 2,400 கிலோ ட்ரெய்லரும் சேர்ந்தால் 4,650. ஆக, இரண்டு பெரிய குதிரை இழுப்பவருக்குப் பிஇ இல்லாமல் முடியாது. கார் வாங்கும் முன்பே அதை எடுத்துவிடுங்கள். அந்தப் பயிற்சி பனியிலும் கைகொடுக்கும்.

இழுவை எல்லையில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும்? எடைமேடையில் கண்ட ட்ரெய்லர் எடை ஓ.1இல் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பரிந்துரை. தெற்கு ஜெர்மனியின் மலைநாடான அல்காவ் அல்லது ஆல்ப்ஸ் பக்கம் போவோர், உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 10 சதவீதத்தை மேலும் கழித்துக்கொள்ளுங்கள், பல உற்பத்தியாளர்களின் கையேடுகளே அப்படிச் சொல்கின்றன. 2,200 கிலோவுக்கு 2,200 கிலோ எல்லையுள்ள கார் சட்டப்படி சரிதான். பனியில் அது மிச்சமே இல்லாத கணக்கு.

மூன்றாம் படி: எந்தச் சக்கரம் இழுக்கிறது

இங்கேதான் பனிக்காலத் தேர்வு கோடைக்காலத் தேர்விலிருந்து பிரிகிறது. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1,800 கிலோ கார், முன்சக்கரங்களில் 1,000, பின்சக்கரங்களில் 800. பின்னால் 2,200 கிலோ ட்ரெய்லர், முன்பாரம் 100 கிலோ. மிதிபட்ட பனியில், நல்ல குளிர்கால டயரின் பிடிப்பு, சக்கரத்தின் மேல் உள்ள பாரத்தில் கால் பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 10 சதவீதம். 4,000 கிலோவை மேலே இழுக்க 400 கிலோ இழுவிசையும், பனியில் டயர் உருளும் தடைக்கு ஏறத்தாழ 60ம் வேண்டும். மொத்தம் 460.

முன்சக்கர இயக்கம் என்றால் என்ன நடக்கிறது? டோபாரின் பந்து பின்அச்சுக்கு ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் இருக்கிறது. அதில் 100 கிலோ அழுத்தினால், சீசாப் பலகையின் ஒரு முனையை மிதித்ததுபோல முன்சக்கரத்திலிருந்து 40 கிலோ தூக்கப்படும். ஏற்றத்தில் ட்ரெய்லர் பின்னுக்கு இழுப்பதாலும், கார் சாய்ந்து நிற்பதாலும் இன்னும் 70 கிலோ போகும். மிஞ்சுவது 890. அதில் கால் பங்கு 222. தேவையில் பாதிகூட இல்லை. இந்தக் கார் அந்தப் பனியில் 4 சதவீத ஏற்றத்திலேயே சுழன்று நின்றுவிடும். பின்சக்கர இயக்கத்தில் பாரம் பின்னுக்கு வருவதால் சற்றுக் கூடுதலாக, 250 கிலோ கிடைக்கும், அதுவும் போதாது. நான்கு சக்கரமும் இழுத்தால், 1,900 கிலோவில் கால் பங்கு 475. மயிரிழையில் ஏறிவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. பனியில் குதிரை ட்ரெய்லருக்கு நான்கு சக்கர இயக்கம் ஆடம்பரம் அல்ல. கூடவே, கார் கனமாக இருப்பதும் உதவும். குதிரைத்திறன் கணக்கிலேயே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் பின்கதவில் '4' என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு வாங்கிவிடக் கூடாது. நான்கு சக்கர இயக்கத்தில் வகைகள் உண்டு.

நடுவில் டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) உள்ள நிரந்தர இயக்கம் இழுவைக்கு மிகச் சிறந்தது. எஞ்சின் விசை எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் பிரிகிறது, சுழன்ற பிறகு விழித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஃபோக்ஸ்வாகன் டூவாரெக், ஆவ்டி க்யூ7, டொயோட்டா லேண்ட் குரூசர், லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஆகியவை இந்த வழியில் வந்தவை.

தேவைப்படும்போது பின்சக்கரத்தை இணைக்கும் ஹால்டெக்ஸ் வகை, ஃபோக்ஸ்வாகன் டிகுவான், பசாட், ஸ்கோடா கோடியாக், சூப்பர்ப் போன்றவற்றில் இருக்கிறது. நன்றாகப் பராமரித்தால் பெரும்பாலோருக்கு இது போதும். இதன் பலவீனம் பராமரிப்பில்தான்: மூன்றாண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும், மாற்றும்போது பம்பின் சல்லடையையும் சுத்தம் செய்ய வேண்டும். அதை விட்டால் சல்லடை அடைத்துப் பம்பு செத்துவிடும். பல சமயம் எச்சரிக்கை விளக்குகூட எரியாது, கார் சத்தமில்லாமல் முன்சக்கர இயக்கமாகிவிடும்.

பிக்கப் வண்டிகளில் காணப்படும் பகுதிநேர இயக்கத்தில் நடு டிஃபரன்ஷியல் இல்லை. காய்ந்த தாரில் நான்கு சக்கரத்தில் ஓட்டினால் கடத்தும் பாகங்கள் முறுக்கிக்கொண்டு பழுதாகும். ஜெர்மன் குளிர்காலச் சாலையோ உப்புத் தூவிக் காய்ந்த 500 மீட்டர், நிழலில் உறைந்த 50 மீட்டர், மீண்டும் காய்ந்த 500 மீட்டர் என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு முறையும் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. பின்னால் உள்ள சரக்குத் தொட்டி காலியாக, பின்சக்கரத்தில் மட்டும் ஓடும் பிக்கப் வளைவில் நழுவும். 3,500 கிலோ இழுக்கும் என்பதற்காக மட்டும் பிக்கப் வாங்குவோர், காய்ந்த தாரிலும் பயன்படுத்தக்கூடிய தானியங்கி நிலை அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, பின்அச்சில் சிறிய மின்மோட்டார் மட்டும் வைத்த ஹைப்ரிட். காலியாக ஓட்டும்போது பனியில் அழகாக ஏறும். பின்னால் இரண்டு டன் வந்தால் அந்தச் சிறிய மோட்டாருக்கு அவ்வளவு நேரம் இழுக்க வலு இருக்காது. டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்டின் இழுவை எல்லை 1,650 கிலோவில் நிற்பதால் ஒரு சிறிய குதிரைக்கு அது போதும், இரண்டு பெரிய குதிரைக்கு இல்லை.

நான்காம் படி: நிற்குமா?

ஏறுவது பாதிதான். நான்கு சக்கர இயக்கம் பிரேக்கின் தூரத்தை ஒரு மீட்டர்கூடக் குறைக்காது என்பதை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பியக் குதிரை ட்ரெய்லரின் பிரேக் தானாக வேலை செய்வதில்லை. கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் வந்து முட்டும். அந்த முட்டுவிசைதான் கம்பி வழியாக ட்ரெய்லரின் பிரேக்கை இறுக்கும். அதில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. வழுக்கும் தரையில் காரின் ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க, ட்ரெய்லர் தொடர்ந்து தள்ள, ட்ரெய்லரின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும். உள்ளே இருப்பது அசையாத சரக்கும் இல்லை. தரையிலிருந்து உயரத்தில் கனம் வைத்து நிற்கும், பயந்தால் காலை மாற்றி வைக்கும் உயிர்.

ஆகவே காரின் வெற்று எடை, எடைமேடையில் கண்ட ட்ரெய்லர் எடைக்குக் கீழே முடிந்தவரை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. அனுமதி பெற, பிரேக்கும் அதிர்வுத் தாங்கியும் உள்ள ட்ரெய்லரின் அனுமதி எடை காரின் வெற்று எடையில் 1.1 மடங்குக்குள் இருக்க வேண்டும், நிலைப்படுத்தும் வசதி இருந்தால் 1.2. ட்ரெய்லர் டயர் ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாகவும் இருக்கக் கூடாது. அனுமதி இல்லாவிட்டால் 80தான். பனியில் 80ம் அதிகம், ஆனாலும் இந்த விகிதம் காருக்கும் ட்ரெய்லருக்கும் பொருத்தம் பார்க்க நல்ல அளவுகோல்.

இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டு கட்டுப்படுத்த வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ட்ரெய்லர் தள்ளிக்கொண்டே வந்து அதன் பிரேக் சூடேறி வலுவிழக்கும். கையால் கியரைக் குறைத்துப் பிடித்து வைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். ஏ7 நெடுஞ்சாலையில் காசல் நகரத்துக்குப் பக்கத்து மலைப்பகுதியில் சரிவு 8 சதவீதம் வரை போகும். அங்கே இறங்கும்போது தானாகவே மேல் கியருக்குத் தாவும் பெட்டி குதிரைக்கு ஆபத்து.

எஞ்சினும் கியர்பாக்ஸும்

இரண்டு டன்னுக்கு 2 லிட்டர் டீசல், 380 முதல் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் 2,000 சுற்றுக்குக் கீழேயே கிடைத்தால் போதும். குறைந்த சுற்றில் மெதுவாக, சீராக இழுப்பதுதான் பனிக்கும் தேவை, குதிரைக்கும் தேவை.

கியர்பாக்ஸில் டார்க் கன்வெர்டர் உள்ள ஆட்டோமேட்டிக்குக்கே எங்கள் ஓட்டு. கிளம்பும்போது எண்ணெய் வழியாக விசை கடப்பதால் சக்கரத்துக்கு வெட்டு விழாது, எதுவும் தேயாது. இரட்டைக் கிளட்ச் பெட்டியில், ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து நகரும்போது கிளட்ச் சூடாகும். எண்ணெயில் நனையும் வகை பரவாயில்லை, உலர் கிளட்ச் வகையைத் தொடாதீர்கள். மேனுவல் என்றால், ஏற்றத்தில் பாதிக் கிளட்சில் பிடித்து நிற்கும் பழக்கம் ஒரே குளிர்காலத்தில் தட்டைத் தீய்த்துவிடும்.

டோபார், சாக்கெட், சஸ்பென்ஷன்

தொழிற்சாலையிலேயே பொருத்திய டோபார் உள்ள காரைத் தேடுங்கள். அதோடு பெரிய குளிர்விப்பு விசிறியும், ட்ரெய்லர் வாலாட்டத்தை உணர்ந்து தனித்தனிச் சக்கரத்தைப் பிடிக்கும் மென்பொருளும் சேர்ந்து வரும். பின்னால் பொருத்தினால், கட்டுப்பாட்டுப் பெட்டியில் ட்ரெய்லர் இருப்பதைப் பதிவுசெய்தார்களா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் விளக்கு எரியும், அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. சாக்கெட் 13 முனை உடையதாக இருக்க வேண்டும். உப்புநீர் புகுந்து பச்சை படிந்த முனைகள்தான் குளிர்காலத்தில் விளக்குக் கோளாறுக்கு முதல் காரணம்.

ட்ரெய்லர் பூட்டியபின் பந்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 35 முதல் 42 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பாரம் ஏற்றியதும் பின்புறம் மிகவும் தொய்ந்தால் முன்சக்கரப் பிடிப்பும் போகும், எதிரே வருபவர் கண்ணில் ஒளியும் அடிக்கும். ஏர் சஸ்பென்ஷனோ, தானே மட்டம் சரிசெய்யும் பின் தாங்கியோ இருந்தால் நல்லது.

டயர்

2024 அக்டோபர் 1 முதல் ஜெர்மனியில் மலைச்சிகரமும் பனித்துகளும் பொறித்த டயர் மட்டுமே குளிர்கால டயர். எம்+எஸ் (சேறு, பனி) எழுத்து மட்டும் உள்ள பழைய டயர், வழுக்கும் சாலையில் சட்டப்படி செல்லாது. எஸ்யுவிகளின் அகல டயர்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, பயன்படுத்திய கார் வாங்கும்போது நான்கையும் குனிந்து பாருங்கள். 21 அங்குலச் சக்கரத்தைவிட, அதே காருக்கு அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய சக்கரம் பனியில் மேல், செலவும் குறைவு. சங்கிலியும் அதில்தான் பெரும்பாலும் பொருந்தும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழத்தோடு விட்டாலும், 4க்குக் கீழே போனதும் மாற்றுங்கள். ஆஸ்திரியாவுக்குள் போனால் அந்த 4தான் சட்டம்.

ட்ரெய்லருக்கு ஜெர்மனியில் குளிர்கால டயர் கட்டாயம் இல்லை. ஆனால் வளைவில் பக்கவாட்டில் நழுவப்போவது ட்ரெய்லர்தான். அனைத்துப் பருவ டயராவது போடுங்கள்.

அப்படியானால் எந்தக் கார்?

1,700 கிலோ வரை இழுப்போருக்குச் சுபாரு அவுட்பேக் நல்ல தேர்வு. 2,000 கிலோ எல்லை, எப்போதும் இணைந்திருக்கும் நான்கு சக்கர இயக்கம், தாழ்ந்த உடல். பசாட் அல்லது சூப்பர்ப் டீசல் நான்கு சக்கரம் 2,200 வரை.

2,200 கிலோவை ஆண்டு முழுவதும் இழுப்போர் 2,500 எல்லையுள்ள டிகுவான் டீசல், கியா சொரென்டோ டீசல் ஆகியவற்றில் தொடங்கலாம். ஆனால் 85 சதவீதக் கணக்கையும் வெற்று எடைக் கணக்கையும் வைத்தால் இவை இறுக்கம்தான். மலைப்பகுதியில் வசித்தால் வோல்வோ எக்ஸ்சி90இன் 2,700, அல்லது நேராக 3,500 வகை: டூவாரெக், க்யூ7, டிஸ்கவரி. புதியது கைக்கு எட்டாது என்றால், நன்றாகப் பராமரித்த எட்டு வயது டூவாரெக், புத்தம்புதிய சிறிய எஸ்யுவியைவிடக் குதிரைக்கு ஏற்றது.

மின்கார்களில் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ், நான்கு சக்கர கியா ஈவி9 இரண்டுக்கும் 2,500 கிலோ எல்லை உண்டு. கனமும் நுணுக்கமான இழுவிசையும் பனிக்கு மிகப் பொருத்தம். தூரம்தான் சிக்கல்: ட்ரெய்லரின் காற்றுத்தடையும் குளிரும் சேர்ந்தால் சொன்ன தூரத்தில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். பெரும்பாலான சார்ஜர்களில் ட்ரெய்லரைக் கழற்றாமல் நிறுத்தவும் முடியாது, உள்ளே குதிரை நிற்கும்போது அது நடக்கிற காரியம் அல்ல. 40 கி.மீ. தூரத்துப் பயிற்சிக்கூடம் வரை போய்வர மட்டும் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

பழைய காரைச் சோதிக்கும் முறை

நனைந்த புல்சரிவில் நிறுத்திச் சட்டென முடுக்கச் சொல்லி, வெளியே நின்று பின்சக்கரங்களைப் பாருங்கள். முன்சக்கரம் மட்டும் புல்லைக் கிளறினால் ஹால்டெக்ஸ் செத்திருக்கிறது. நான்கு டயரும் ஒரே வகையா, தேய்மானம் ஒன்றா என்று அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால் நடுக் கிளட்ச் ஓய்வில்லாமல் தேய்ந்திருக்கும். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள், "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்ற பேச்சு ட்ரெய்லர் இழுத்த காருக்குப் பொருந்தாது. கீழே படுத்து, டோபார் சட்டகத்தோடு சேரும் போல்ட்டுகளைச் சுற்றித் துருவைப் பாருங்கள்.

முடிந்தால் உங்கள் ட்ரெய்லரையே பூட்டி, குதிரைக்குப் பதில் அதே எடைக்கு மணல் மூட்டைகளைப் பரவலாக அடுக்கிக் கட்டி ஓட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் மூன்று முறை நின்று கிளம்புங்கள். தீய்ந்த வாடை வந்தால் அந்தக் கார் வேண்டாம்.

முதல் பனிப் பயணத்துக்கு முன்

முன்பாரத்தைக் குளியலறைத் தராசிலேயே அளக்கலாம். தராசின் மேல் பலகை, அதன் மேல் கட்டையை நிறுத்தி, டோபார் உயரத்தில் ட்ரெய்லரின் கழுத்தைத் தாங்க வையுங்கள். ஒரே குதிரை என்றால் அதை இடப்பக்கம் நிறுத்துங்கள், ஜெர்மனியில் சாலையின் வலப்பக்கமாகத்தான் ஓட்டுவோம், அந்த ஓரம் கீழே சரிந்திருக்கும். பூட்டிய பிறகு காரின் பின்டயர் காற்றைக் கதவுத் தூணில் உள்ள அட்டவணையின் முழுப் பார அளவுக்கு ஏற்றுங்கள். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் 0.1 பார் குறையும் என்பதால் இதைக் குளிரில்தான் அளக்க வேண்டும்.

ஆழமான பனியில் கிளம்பும்போது இழுவைக் கட்டுப்பாட்டை மட்டும் அணையுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் விசையை வெட்டி நிறுத்திவிடும். நகர்ந்ததும் மீண்டும் போடுங்கள். சங்கிலி மாட்டினால் மணிக்கு 50 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது.

ஈரமான ட்ரெய்லரை இரவில் கைப்பிரேக் இழுத்து நிறுத்தினால், காலையில் பிரேக் கட்டை டிரம்மோடு உறைந்து ஒட்டியிருக்கும். இது தெரியாமல் கிளம்பினால் பூட்டிய சக்கரத்தை இழுத்துக்கொண்டு போவீர்கள். சமதளத்தில் நான்கு சக்கரத்துக்கும் ஆப்புக்கட்டை வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி நிறுத்துங்கள். காலையில் குதிரையை ஏற்றும் முன் காலி ட்ரெய்லரை இரண்டு மீட்டர் முன்னால் இழுத்து, எல்லாச் சக்கரமும் உருளுகின்றனவா என்று இறங்கிப் பாருங்கள்.